அறுந்த சூட்டுக் கம்பி

காரில் குளிருக்குச் சூடேறும் இருக்கை சூடாகவில்லை என்று தங்கை புருஷன் என் பட்டறைக்கு வந்தான். ஓட்டுகிறவர் இருக்கை நன்றாகவே சுட்டது. பக்கத்து இருக்கைதான் செத்துக் கிடந்தது. ஃபியூஸ் சரி, சுவிட்சும் சரி. அடியில் ஒயர் வரைக்கும் கரண்ட் வந்தது. இனி உறையைக் கழற்றி உள்ளே ஓடும் சூட்டுக் கம்பியைத்தான் பார்க்க வேண்டும். மச்சான் கடையில் ஓசி வேலை. மாப்பிள்ளை கால்மேல் கால் போட்டு செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

உட்கார்ந்தால் இந்தக் கம்பி அறாது, பாரம் பரவிவிடும். முட்டி போட்டு அழுத்தினால்தான் பட்டென்று போகும். பின்னால் இருந்து எதையாவது எடுக்க முட்டி போட்டு ஏறினீர்களா என்று கேட்டேன். தலை நிமிராமலே இல்லை என்றான்.

உறையை உரித்தேன். வெளியே ஷாம்பு வாசம், அப்படித் தேய்த்துக் கழுவியிருந்தான். உள்ளே ஸ்பாஞ்சில், தலை சாயும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. தையலில் நீளமான முடி நாலைந்து, வேரோடு. கம்பி இரண்டு இடத்தில் அறுந்திருந்தது, இடுப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, உட்கார்ந்திருந்த ஆள்மேல் ஏறி இரண்டு முட்டியையும் ஊன்றிய மாதிரி. போன மாதம் மாடிப்படியில் விழுந்து தங்கைக்கு விலா உடைந்தது என்றார்கள். நான் மடையன், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

யார் ரத்தம் என்று கேட்டேன்.

"குடும்பம்னா ஆயிரம் இருக்கும் மச்சான். நீங்க ஒயரை மட்டும் பாருங்க."

ஸ்பேனரை அவன் வாயில் இறக்கினேன். இரண்டு பல் தெறித்து விழுந்தது. அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் தொடையில் குத்தினான். அவன் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினேன், விரல்கள் நொறுங்கின. கீழே தள்ளி, கழுத்தில் ஒயரைச் சுற்றி இறுக்கினேன். எனக்கு அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது அவன் போன் அடித்தது. தங்கைதான். எடுத்து, சீட்டுக்குள்ளே ரத்தத்தைப் பார்த்துவிட்டேன் என்றேன்.

"உயிரோட இருக்காராண்ணா?"

"இருக்கான்."

"கொன்னுடாதே. நீயும் உள்ள போய்ட்டா எனக்கு யாரு இருக்கா? ஒரு மணி நேரம் அங்கேயே பிடிச்சு வை. பாப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்பிடுறேன்."

கழுத்து ஒயரை அவிழ்த்து அவன் கைகளைக் கட்டினேன். ரத்தம் தொண்டையில் அடைத்துச் செத்துத் தொலையப் போகிறானே என்று, அந்த ஒரு மணி நேரமும் அவன் வாயை நானே துடைத்துக்கொண்டிருந்தேன்.