அமுக்காத பொத்தான்

...எலிக்குப் பொத்தான் கிடையாது, மனிதருக்கு உண்டு, பெரிய வித்தியாசம் அதுதான் என்று நேற்றுவரை ஜான்சி நம்பிக்கொண்டிருந்தாள், புதுச்சேரி ஆய்வகத்தில் எலிக்கு ஒரு பீப் சத்தம், உடனே காலடிக் கம்பியில் மின்சாரம், சில தடவை போனதும் வெறும் பீப் கேட்டாலே எலி உறைந்துவிடும், உறைந்த நொடிகளை எண்ணினால் அதுதான் பயத்தின் அளவு, மனிதருக்கும் அதே பீப், மணிக்கட்டில் சுருக்கென்று ஓர் அதிர்ச்சி, விரல் வேர்வையை அளக்க ஒரு கருவி, அதோடு பயந்தீர்களா என்று வாய்விட்டுக் கேட்கலாம், வேண்டாமென்றால் அவர்களே சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தலாம்... இரண்டையும் ஒப்பிடத்தான் சொந்த ஊரான மரக்காணத்துக்கே வந்து, மாதா கோயில் கூடத்தில் கருவியை வைத்தாள். அம்மாவின் தங்கை இன்னாசிமேரி, உப்பளத்தில் வேலை செய்பவள், நேற்று முதல் ஆளாக உட்கார்ந்தாள். பொத்தானைத் தொடவேயில்லை. பயமா இருந்துதா சித்தி? "அதெல்லாம் ஒண்ணுமில்ல, எழுதிக்கோ." எழுதிக்கொண்டாள். கருவியில் வேர்வை அளவு மட்டும் எகிறியிருந்தது, உப்புக் கை, உப்பில் மின்சாரம் ஓடத்தானே செய்யும் என்று தள்ளிவிட்டாள், எவ்வளவு சுலபமாக...

இன்று பீப் மட்டும், அதிர்ச்சி கிடையாது, நேற்றுக் கற்ற பயம் மறைகிறதா என்று பார்க்க வேண்டும், உப்பு அளவைக் கெடுக்காமல் இருக்கச் சித்தியைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். "இன்னாடி இது, உன் கல்யாணச் சோத்துக்குக்கூட நான் இவ்ளோ கழுவல" என்று சிரித்துக்கொண்டே துண்டில் துடைத்தவள் பாதியில் நின்றாள். வெளியே உப்பு லாரி ஒன்று ரிவர்ஸில் வந்தது, பீப், பீப். துண்டும் கையும் அந்தரத்தில், கண் இமைக்கவில்லை, ஆய்வக வீடியோவில் நூறு எலிகளிடம் பார்த்த அதே நிற்றல்... லாரி நின்றதும் சித்தி மூச்சு விட்டாள். "நேத்து சாயங்காலம் உப்பளத்துலயும் இப்டித்தான். லாரி பின்னால வருது, காலு வரல. கூட வேல செய்யுற ரேகாதான் சேலையப் புடிச்சு இழுத்தா, திட்டவும் திட்டினா." எத்தனையோ சத்தம் இருக்க அந்தச் சத்தத்தையா எடுத்தாய் ஜான்சி, இந்த ஊரில் பிறந்து, அதைக் கேட்டு விலகி ஓடியே வளர்ந்தவள்... ஏன் சித்தி பொத்தானை அமுக்கல? "அமுக்கினா உனக்குத்தான கேவலம். அடுத்து உக்கார வந்த அந்தோணியம்மா, மத்தவங்க எல்லாம் பாத்துக்கினு நின்னாங்க. அக்கா பொண்ணு இவ்ளோ படிச்சுட்டு வந்திருக்குது, மொத ஆளே, அதுவும் சித்திக்காரியே எந்திரிச்சுப் போனா இன்னா பேசுவாங்க?"

இன்று வெறும் பீப் கேட்டுக் கேட்டுப் பயம் தணியலாம், இந்தக் கூடத்துக்குள், ஆனால் ஒரு கூண்டில் பயம் தணிந்த எலி இன்னொரு கூண்டில் அதே சத்தத்துக்கு மறுபடி உறையும், மாணவர்களுக்கு அவளே நடத்திய பாடம், அப்படியானால் அளத்தில், பாத்தி வரப்பில், லாரிக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது... இன்றைக்குப் போகாதே என்று சொல்ல வேண்டும், ஏன் என்று கேட்பாள், என்னால்தான் என்று சொல்ல வேண்டும், வாசலில் காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் அது விழும். "மாட்டுடி, மத்தியானம் லோடு ஏத்தணும், நான் போவணும்." விரல்களை விரித்து நீட்டினாள் சித்தி. வயரைப் பிடித்த ஜான்சியின் கை நகரவில்லை, வாயும் திறக்கவில்லை, பயமா, வெட்கமா... எலியாக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், நொடிகளை மட்டும் எண்ணுவார்கள்.