நகம் மாட்டாத கீறல்

கண்ணாடிக் கடைக்காரர் கார் வாங்கினார் என்று சொல்வதைவிட, பாலிஷ் போடுவதற்கு ஒரு பெரிய பரப்பு வாங்கினார் என்று சொல்வதுதான் நியாயம். கார் என்றால் ஓட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன? பகலெல்லாம் கடையில் உட்கார்ந்து ஊராருடைய மூக்குக் கண்ணாடிகளில் விழுந்த கீறல்களைப் பார்த்துப் பழகிய கண். ஒரு கறுப்புக் காரைக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினால் அந்தக் கண் சும்மா இருக்குமா? கடை நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. நடந்தே போய்விடுவார்.

அவர் மனைவி நர்ஸ். மருந்து குடிக்கமாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்ட எத்தனையோ பேரை வழிக்குக் கொண்டுவந்தவள். வீட்டில் இருக்கிற ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அந்தச் சாமர்த்தியம் எடுபடவில்லை. அவளுக்கு அந்தக் கார் ஓடியாக வேண்டும். ஊருக்கு வெளியே புதிதாகத் திறக்கப்போகும் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தலைமை நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறரை மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சொந்தமாக வந்துபோக வழி இருந்தால் மூன்று மாதத்தில் வந்து சேரலாம், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இதைக் கைநழுவ விட மனசில்லை.

டிரைவிங் ஸ்கூலுக்கும் போய்ப் பார்த்தாள். ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருந்தது. அதனால் இருபது நாள் ஓட்டியது அவளா அவரா என்பது இருவருக்குமே தெரியாது. டெஸ்டில் கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுத்தபோது தெரிந்துவிட்டது. மூன்று கம்பம் சாய்ந்தது. அடுத்த டெஸ்டுக்கு ஏழு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். இனி வேண்டியது பழக்கம் ஒன்றுதான். வாசலில் கார் நிற்கிறது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ள கணவரும் நிற்கிறார், கையில் துணியோடு.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கேட்டாள்.

"இன்னைக்கா?" என்று பதறினார். "இப்பத்தான் க்ளே போட்டு ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் உருவி எடுத்திருக்கேன். பெயிண்ட் அம்மணமா நிக்குது. இந்த நேரத்துல வெளிய எடுத்தா என்ன ஆகும்?"

"என்ன ஆகும், சளி பிடிக்குமா?"

அவர் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கினார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பாலிஷ் தேர்வு. செருப்பு ஸ்டாண்டின் மேல் ஐந்து பாட்டில்கள் வரிசையாக நின்றன. கரகரப்பான காம்பவுண்டு ஒன்று, நடுத்தரம் மூன்று, தண்ணீர் போல மிருதுவானது ஒன்று. பக்கத்தில் நாலு பேட்: கம்பளி, ஆரஞ்சு ஸ்பாஞ்சு, வெள்ளை ஸ்பாஞ்சு, கறுப்பு ஸ்பாஞ்சு. காரின் முன்மூடியில் இரண்டு ஜாண் சதுரத்துக்கு நீல டேப் ஒட்டி, அதற்குள் மட்டும் தேய்த்துத் தேய்த்து விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்த எடுப்பிலேயே கரகரப்பைப் போட்டுடக் கூடாது," என்றார், கேட்காமலே. "முதல்ல மெத்துனு ஒரு பேட், மிருதுவா ஒரு பாலிஷ். அதுல கீறல் மறையலைன்னா பேடை மாத்தணும். அதுலயும் மறையலைன்னாத்தான் பாலிஷை மாத்தணும்."

"டெஸ்ட் டோஸ் குடுத்துப் பார்க்கிறீங்க."

"அதே!" வாயெல்லாம் பல்லாகிவிட்டது அவருக்கு. தன்னைப் புரிந்துகொள்ள வீட்டில் ஓர் ஆள் இருக்கிறாள் என்று உச்சி குளிர்ந்துபோனார்.

"டெஸ்ட் டோஸ் அரை மணியில தெரிஞ்சுடும். உங்களுக்கு ஏன் பொழுது சாயற வரைக்கும் ஆகுது?"

நாலு பேடையும் ஐந்து பாட்டிலையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் இருபது ஜோடி வரும், அதனால் ஆகிறது. அன்று பதினொன்றுதான் முடிந்தது. மீதி ஒன்பதையும் அந்த வாரம் கடைக்குப் போகுமுன் விடியற்காலையில் எழுந்து பார்த்துவிட்டு, முதலில் போட்ட ஜோடியே நல்லது என்று முடிவுக்கு வந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மெழுகு. டப்பாவில் வரும் கெட்டி மெழுகு பளபளப்பு தரும், ஆனால் சீக்கிரம் போய்விடும். பாட்டிலில் வரும் சீலண்ட் மாதக்கணக்கில் நிற்கும், ஆனால் அந்தப் பளபளப்பில் உயிர் இல்லை. இப்படி அவரே ஒரு வாரமாகத் தனக்குத்தானே வாதாடிக்கொண்டிருந்தார். கடைசியில் முன்மூடியின் இடது பாதிக்கு ஒன்றும் வலது பாதிக்கு ஒன்றுமாகப் போட்டு, குவளையில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பக்கமும் தெளித்து, எந்தப் பக்கத்துத் துளி உருண்டையாக நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாடி வீட்டில் குடியிருந்த அவருடைய தங்கை துணி உலர்த்த வந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்தா, நீ சொல்லு," என்றார் மேலே பார்த்து. "எந்தப் பக்கம் நல்லா இருக்கு?"

"ரெண்டு பக்கமும் கறுப்பாத்தான் இருக்குண்ணா."

அன்றைக்கும் சாவி கிடைக்கவில்லை. சீலண்ட் காய ஒரு நாள் முழுக்க வேண்டுமாம், பனித்துளிகூடப் படக்கூடாதாம். நர்ஸ் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தத்தோடு கழுவினாள். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. டெஸ்டுக்கு நாலு வாரம்தான் மிச்சம். தலைமை நர்ஸ் வேலை வாங்கியிருக்கிறாள், வாசலில் கார் இருக்கிறது, கட்டிய புருஷன் இருக்கிறார். குறுக்கே நிற்பது ஒரு மெழுகு டப்பா! இதை ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னால் கைகொட்டிச் சிரிக்கமாட்டார்களா?

அடுத்த சனிக்கிழமை மாலை ஒரு விபரீதம் நடந்தது. கார் முடிந்துபோயிற்று. விளக்கை எடுத்துக்கொண்டு மூன்று தடவை சுற்றிவந்தார். ஒரு வட்டக் கோடு இல்லை, ஒரு மங்கல் இல்லை, கதவில் அவர் முகம் கடையில் இருக்கும் நிலைக்கண்ணாடியில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"முடிஞ்சுபோச்சு."

"நல்லதுதானே? இன்னொரு தடவை வேணும்னா தேய்ங்களேன்."

"சும்மா சும்மா தேய்க்க முடியாது. மேல இருக்கிற க்ளியர் கோட் காகிதத்தைவிட மெல்லிசு. காரணம் இல்லாம தேய்ச்சா அதுக்குத்தான் ஆயுசு குறையும்."

ஆக, மறுநாள் காலை அவரிடம் ஒரு சாக்கும் மிச்சமில்லை. சாவியைக் கொடுத்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டு, மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நர்ஸ் ரிவர்ஸ் கியர் போட்டாள். கார் பின்னால் நகர்ந்தது. கேட்டின் தாழ்ப்பாள் இடது பின்கதவைத் தொட்டு, கர்ர்ர் என்று ஒரு முழ நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனது.

சத்தம் நின்றது. இத்தோடு கார் போச்சு, வேலையும் போச்சு என்று அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவர் இறங்கினார். குனிந்தார். ஆள்காட்டி விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக இழுத்தார். திரும்பவும் இழுத்தார்.

"நகம் மாட்டல!" என்று கத்தினார்.

"என்னது?"

"நகம் மாட்டலைன்னா கீறல் க்ளியர் கோட்டோட நின்னுடுச்சுன்னு அர்த்தம். எடுத்துடலாம்! வெள்ளை பேட் போதும். இல்ல, ஆரஞ்சு வேணுமோ?" நிமிர்ந்தார். முந்தின நாள் மாலையிலிருந்து தொங்கிப்போயிருந்த முகத்தில் விளக்கேற்றியது போலிருந்தது. "நீ பாட்டுக்கு ஓட்டு, போய்ட்டு வருவோம். வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

நர்ஸ் அவரைக் கண் இமைக்காமல் பார்த்தாள். நோயாளியே வராத வார்டில் டாக்டருக்குக் கை பரபரப்பதை அவள் பார்த்திருக்கிறாள். இவ்வளவுதானா சங்கதி? இதற்காகவா மூன்று ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன் என்று நினைத்தாள். ஆத்திரத்துக்கு நடுவே சிரிப்பும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டினாள். வாய்விட்டு ஒப்பந்தம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. அவள் பழகினாள், அவருக்கு வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வேலிச் செடி, புதன்கிழமை யாரோ தெருவில் விட்டுப்போன தள்ளுவண்டியின் கைப்பிடி, வெள்ளிக்கிழமை மறுபடியும் தாழ்ப்பாள். மாலையில் அவர் கீறலுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து நகத்தை இழுத்து, பாட்டிலை மாற்றி, பேடை மாற்றி, கண்ணும் கருத்துமாக வைத்தியம் பார்த்தார். மாடியிலிருந்து தங்கை தினமும் விசாரித்தாள்.

"அண்ணி, இன்னைக்கு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்தாம்மா."

"இடது பக்கம் இனி வேண்டாம்," என்றார் கீழே உட்கார்ந்திருந்தவர், தலையைத் தூக்காமலே. "அந்தக் கதவு ரெண்டு தடவை தேய்ஞ்சாச்சு. இனிமே வலது பக்கமா பார்த்து உரசு."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆனால் ஓட்டிக்கொண்டே இருந்தால் கை பழகத்தானே செய்யும்? மூன்றாவது வாரம் கீறல் விழுவது குறைந்தது. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அந்தச் சந்துல விட்டுப் பாரேன், டெஸ்டுக்கு உதவும்," என்று ஊரிலேயே குறுகலான சந்துகளாகத் தேடிப் பிடித்துச் சொன்னார். இரண்டு லாரிகளுக்கு நடுவே நிறுத்தச் சொன்னார். தூணைச் சுற்றி ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். "இன்னும் கொஞ்சம் ஒட்டி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லும்போது அவர் குரலில் தெரிந்த ஆசை அவளுக்குப் புரியாமல் இல்லை. அவளும் சளைக்காமல் ஒட்டி ஒட்டியே எடுத்தாள். ஒரு விரல் இடைவெளி விட்டு, எதிலும் படாமல் வெளியே வந்தாள். அந்தக் கடைசி வாரம் முழுக்க அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு கீறல். அதுவும் பூனை நகம்.

டெஸ்ட் அன்று கம்பி வேலிக்கு வெளியே அவர் நின்றார். சோதனை அதிகாரி கையில் அட்டையோடு நின்றார். அவள் கம்பங்களுக்கு நடுவே பின்னால் வந்தாள், திரும்பினாள், நிறுத்தினாள். அந்தச் சந்துகளுக்கு முன்னால் இது அவளுக்கு நடுக்கூடம் மாதிரி இருந்தது. ஒரு கம்பமும் அசையவில்லை. அதிகாரி அட்டையில் எதையோ எழுதிவிட்டு, "இவ்வளவு ஒட்டி எடுக்க யாரும்மா சொல்லிக்குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர்," என்றாள். சொன்னதோடு நில்லாமல் வேலிப் பக்கம் கையையும் காட்டினாள், அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவர் ஓடிவந்து முதலில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கு அப்புறம்தான் காரைச் சுற்றிவந்தார். திரும்பி வந்து, "ஒண்ணுமே இல்ல," என்றார். பெருமையாகத்தான் சொன்னார். பாதிதான் பெருமை.

வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம் நர்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. விடியும்போது கேட்டைத் திறந்து, தாழ்ப்பாளில் படாமல் காரை எடுத்து, காலியான சாலையில் யாருடைய தயவும் இல்லாமல் போய் இறங்குவது அப்படி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கென்று கூரை போட்ட ஷெட். காரில் தூசிகூடப் படாது. மாலையில் போனபடியே திரும்பிவரும். அவர் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வந்து வாசலில் காத்திருப்பார், காரைச் சுற்றிவருவார், பாட்டில்களை ஒருமுறை நகர்த்திவைப்பார், உள்ளே போய்விடுவார். வியாழக்கிழமை அவர் குக்கர் மூடிக்கு வெள்ளை பேட் போட்டுக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்தாள். அவளுக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை கார் வந்து நின்றதும் அவர் வழக்கம்போல வெளியே வந்தார். வந்தவர் அலறினார்.

"ஐயோ! என்ன இது?"

கூரை முழுக்கப் பறவை எச்சம். முன்மூடியில் மரப்பிசின் சொட்டு சொட்டாக ஒட்டியிருந்தது. பின்கண்ணாடியில் இலைச் சருகு.

"எங்க நிறுத்தின? மரத்தடியிலயா? இது காய்ஞ்சா பெயிண்டையே தின்னுடும், தெரியுமா உனக்கு? ஷெட்டு இருக்குன்னு சொன்னியே?"

"இருக்குங்க. நான் போறதுக்குள்ள நிறைஞ்சுடுது."

"தினமுமா?"

"இனிமே அப்படித்தான் இருக்கும் போல."

"என்ன ஆஸ்பத்திரியோ!" என்று கத்திக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிசினுக்கு க்ளேயா, வேறு ஏதாவதா, எச்சத்தின் தடத்துக்கு எந்த பேட் என்று தனக்குத்தானே பேசிக்கொள்வதும், நடுவில் அவருக்கே தெரியாமல் சீட்டியடிப்பதும் கேட்டன. அவள் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய்விட்டாள். ஷெட்டில் ஒரு வண்டி இல்லை. அதைத் தாண்டிப் போய், காக்கை அதிகமாக உட்கார்ந்திருந்த கிளையாகப் பார்த்து அதன் அடியில் காரை நிறுத்தினாள்.