அறுபது அடி

மயில்சாமி துப்பாக்கி வாங்கப் போனதற்குக் காரணம் பன்றிகள். அமெரிக்காவில் கேட்டி என்ற ஊரில் வீடு, எண்ணெய்க் கம்பெனியில் வேலை, இதெல்லாம் போதாதென்று புரூக்‌ஷயர் பக்கம் எட்டு ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தார். சோளம் விதைத்தார், வெண்டை போட்டார். காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து அத்தனையையும் கிளறிப் போட்டுவிட்டுப் போயின. அவர் டிராக்டர்கூட அவ்வளவு ஆழமாக உழுததில்லை. வேலி போடலாம் என்றாள் மனைவி பர்வதம். வேலியைப் பன்றி மதிக்காது என்றார் ஆபீஸ் நண்பர் ராமசுப்ரமணியன்.

ராமசுப்ரமணியன் முட்டைகூடத் தொடாதவர். ஆனால் வீட்டில் ஆறு துப்பாக்கி வைத்திருக்கிறார். யார் என்ன வாங்கப் போனாலும் எக்செல்லில் ஒப்பிட்டு அட்டவணை போட்டுத் தருவது அவர் குணம். இதற்கும் போட்டுத் தந்தார். முதல் ரைபிளுக்குப் புதிது வேண்டாம், ராணுவங்கள் கழித்துக்கட்டியதை வாங்குங்கள், சகாயமாகக் கிடைக்கும், சேற்றில் போட்டுப் புரட்டினாலும் சுடும் என்றார். ரஷ்யா, சுவீடன், செர்பியா என்று வரிசையாக இருந்தது. கடைசி வரியில் இந்தியா, த்ரீ நாட் த்ரீ என்று இருந்தது. மயில்சாமி அதைப் படித்தார். ஒன்றும் தோன்றவில்லை.

அவருக்கு எதிலும் ஒன்றும் தோன்றுவதில்லை. அது பழகிப்போன விஷயம். மகள் காலேஜ் போன அன்று பர்வதம் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள். இவர் கார் டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். கல் மாதிரி மனுஷன் என்று அவள் சொல்வாள். சரியாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போனார். கடைக்காரர் டேல் எழுபது வயதுக்காரர், பொறுமைசாலி. ரஷ்ய ரைபிளைக் கொடுத்தார், கனமாக இருந்தது. செர்பியாக்காரனுடையது விலை அதிகம். பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றதும் முகம் மலர்ந்து உள்ளே போய், துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இருப்பதிலேயே விலை குறைந்தது இதுதான், தோட்டாவுக்குத்தான் கொஞ்சம் அலையவேண்டும், உங்கள் நாட்டிலேயே செய்தது என்றார். பின்கட்டைக்கு மேலே, இரும்பு வளையத்தில், நம் ரூபாய் நோட்டில் இருக்கிற அதே சிங்கங்கள் சின்னதாகப் பதிந்திருந்தன.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன், மின்கட்டணத்தை ஏற்றியதற்காகத் தாராபுரம் ரோட்டில் விவசாயிகள் மறியல் செய்தபோது, மயில்சாமியின் அப்பாவைப் போலீஸ் சுட்டுக் கொன்றது இந்த மாதிரி த்ரீ நாட் த்ரீ ஒன்றால்தான். அப்போது மயில்சாமிக்கு ஏழு வயது. குண்டு சட்டைப்பையைத் துளைத்துப் போயிருந்தது. பைக்குள் மின்சார மீட்டர் அட்டை இருந்தது. ஓட்டை விழுந்த அந்த அட்டையை அம்மா இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். விசாரணை நடந்தது. தூரம் அறுபது அடி, புழுதியும் தள்ளுமுள்ளும், போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துச் சுட்டதில் கை தவறிவிட்டது, ஆள் பார்த்துச் சுடவில்லை என்று எழுதினார்கள்.

அம்மா அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அதே ரோட்டில்தான் பால் ஊற்றிப் பிழைக்கவேண்டும், அதே ஸ்டேஷனுக்கும் ஊற்றவேண்டும். பாக்காம சுட்டுட்டான், அவனும் வயித்துப்பாட்டுக்கு வந்தவன் என்பாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினாள். யார் மேலும் கோபம் இல்லாமல் மயில்சாமியும் வளர்ந்தார். கோபம் மட்டுமா, மற்றதும் இல்லாமல்தான்.

டேல் ரைபிளைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார். கடையின் எதிர்ச்சுவரில் பதம் செய்த மான் தலை ஒன்று மாட்டியிருந்தது, அதைக் குறிபார்க்கலாம் என்றார். மயில்சாமி கன்னத்தைக் கட்டையில் வைத்தார். எண்ணெய் வாடை அடித்தது. கம்பி மாதிரி ஒரு முனை, இருபுறமும் அதற்குக் காவலாக இரண்டு இரும்புக் காதுகள், நடுவில் மான். கண்ணாடிக் கண்ணில் கடை விளக்கு மின்னியது தெரிந்தது. தாடைக்குக் கீழே தையல் பிரிந்திருந்தது, அதுவும் தெரிந்தது.

இங்கிருந்து அந்தச் சுவர் எவ்வளவு தூரம் என்று கேட்டார். அறுபது, அறுபத்தைந்து அடி இருக்கும் என்றார் டேல். வானத்தைப் பார்த்துச் சுட்டால், இந்தத் தூரத்தில் கை தவறி ஒரு ஆளின் நெஞ்சில் பட்டுவிட வாய்ப்பு உண்டா என்று கேட்டார். டேல் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, நாணயமான வியாபாரியாகவே பதில் சொன்னார்.

“வானத்தைப் பாத்துச் சுட்டா நெஞ்சுல படாதுங்க. இந்தத் தூரத்துல நீங்க எதைப் பாக்கறீங்களோ அதுலதான் படும்.”

மயில்சாமி ரைபிளை மேஜைமேல் வைத்தார். மெதுவாக வைத்தார், விலை உயர்ந்த பொருள் மாதிரி. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார். காரில் ஏறி ஏசியைப் போட்டார். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை. அந்தப் போலீஸ்காரன் பார்த்தான் என்பது மட்டும் தெரிந்தது. சட்டைப்பையைப் பார்த்தான், அட்டை துருத்திக்கொண்டிருந்ததைக்கூடப் பார்த்திருப்பான்.

சனிக்கிழமை பத்தரைக்கு அம்மாவுக்குப் போன் பண்ணுவது வழக்கம். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். நேரம் மாற்றிப் பண்ணினால் பயந்துவிடுவாள், அதனால் பண்ணினார். மழை இல்லை, தென்னையில் வண்டு விழுந்துவிட்டது என்று எப்போதும்போல் சொன்னாள். பிறகு துப்பாக்கி வாங்கியாயிற்றா என்று கேட்டாள். போன வாரம் வாய் தவறிச் சொல்லியிருந்தார்.

“இல்லீம்மா. பாத்தேன், வாங்கல.”

“கையில வாங்கிப் பாத்தயா கண்ணு?”

“பாத்தேன்.”

அங்கே ஓடிக்கொண்டிருந்த டிவியை யாரோ நிறுத்தினார்கள். அவளேதான் நிறுத்தியிருக்க வேண்டும், தனியாகத்தான் இருக்கிறாள்.

“அதுல பாத்தா, எதுக்க நிக்கற ஆளு மொகம் தெரியுமா சாமி?”

நாற்பத்தைந்து வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார். நம்பியவள் இதைக் கேட்கமாட்டாள். மயில்சாமிக்கு அப்போது வராத அழுகை இப்போது வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, குரல் மாறாமல் பேசப் பார்த்தார்.

“தெரியாதும்மா. பழைய துப்பாக்கி. ஒரே மங்கலாத்தான் தெரிஞ்சுது.”

“அப்படியா?”

“ஆமா. மானா, மனுசனான்னே தெரியல.”

அந்தப் பக்கம் அம்மா நீளமாக மூச்சு விட்டாள்.

“அதான். நாஞ் சொன்னனல்லொ. பாவம், அவனுக்கும் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதும்மா,” என்றார் மயில்சாமி.