மேல் மூலை

மதியக் காட்சிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அவள் பலகைமேல் ஏறி நின்று, வாளியில் ஊறிக்கொண்டிருந்த கழியைத் தூக்கி, நுனியை வாளியின் விளிம்பில் இரண்டு முறை தட்டினாள். நுனியில் பழைய துண்டுகளைச் சுருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. சொட்டுவது நின்றதும் கழி திரைத் துணியைத் தொட வேண்டும். முதலில் மேல் மூலைகள். அங்கே நனைத்துவிட்டால் தண்ணீர் தானாக இறங்கி வரும், பாதி வேலையை அதுவே செய்துவிடும். இடது மூலையை முடித்தாள். வலது மூலைக்குக் கழியை ஏந்தும்போது தோளுக்குள் யாரோ ஆணியைத் திருகுவதுபோல இருந்தது. கழி பாதி வழியில் நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினாள். பிறகு கழியை இறக்கி, நடுப்பகுதியை நனைக்கத் தொடங்கினாள்.

துணி அரங்கின் நடுவில் தொங்கியது. கட்டடம் ஒரு காலத்தில் கிடங்காக இருந்தது. துணியைத் தாங்கும் அளவுக்கு வலுவான உத்தரம் நடுவில்தான் இருந்ததால் திரையை அங்கேயே கட்டிவிட்டார்கள். பின்பாதி வீணாகக் கூடாதென்று முதல் முதலாளி அங்கே பெஞ்சுகளைப் போட்டுப் பாதி விலைக்கு டிக்கெட் விற்றார். துணி நனைந்திருந்தால் வெளிச்சம் ஊடுருவிப் பின்பக்கமும் படம் தெரியும், இடம் வலம் மாறி. பெருந்தெருவைப் பார்த்த வாசல் வழியாக வருகிறவர்கள் மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்து நேராகப் பார்த்தார்கள். சந்து வழியாக வருகிறவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து அதையே திருப்பிப்போட்டபடி பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், வீட்டு வேலை முடிந்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு மணி நேரம் கிடைத்த பெண்கள். அவர்கள் பக்கத்தில் எல்லா நாயகர்களும் இடது கையால் அடித்தார்கள். தலைப்பெழுத்துகள் வால் முன்னால் வந்தன. பழகியவர்கள் அதையும் வாசித்தார்கள்.

முன்பக்கத்துக்குத் துணி காய்ந்திருக்க வேண்டும், பின்பக்கத்துக்கு நனைந்திருக்க வேண்டும். நீர் கொஞ்சம் கூடினால் முன்னால் படம் வெளிறிப்போகும். குறைந்தால் பின்னால் இருட்டு. இரண்டு பக்கமும் முணுமுணுக்காத ஓர் ஈரம் உண்டு. அது எவ்வளவு என்று அவளால் சொல்ல முடியாது. கைக்குத் தெரியும். ஒரு காட்சிக்கு இரண்டு முறை, ஒரு நாளைக்கு மூன்று காட்சி, பதினெட்டு வருடம். அவளைத் தண்ணியக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். இரவுக் காவலுக்குப் போகும் அவள் கணவன் ஒரு சொட்டுக் குடிக்காதவன். எங்க வீட்ல தண்ணி அடிக்கிறது அவ மட்டும்தான் என்று கூட்டாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

ஆபரேட்டர் மேலறையிலிருந்து இறங்கி வந்தான். கழியை வாங்கி, வலது மூலையை நான்கு இழுப்பில் நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மூன்று வாரமாக இப்படித்தான் நடக்கிறது.

ஆஸ்பத்திரியில் தோள்மூட்டு இறுகிப்போயிருக்கிறது என்றார்கள். ஆறு வாரம் கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்யக் கூடாது, சுவரில் விரலால் ஏறிப் பழக வேண்டும், அப்படியே விட்டால் கை விலாவோடு நின்றுவிடும் என்று அங்கிருந்த டாக்டர் பெண் சொல்லி, ஒரு தாளில் படமும் போட்டுக் கொடுத்தாள். அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள். அவர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஆறு வாரத்துக்கு இன்னொரு ஆளைப் போட்டால் அப்புறம் அந்த ஆள்தானே வேலைக்காரர், அவரை எப்படி அனுப்புவது என்று கேட்டார். மிரட்டலாக இல்லை. காட்சி நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அவள் யோசித்துவிட்டு, இப்போது அவ்வளவு வலி இல்லை என்றாள். கணவன் சம்பளம் சாப்பாட்டுக்கு, அவள் சம்பளம் வீட்டு வாடகைக்கு. இரண்டில் எதை விட்டாலும் மற்றது நிற்காது. அன்றிலிருந்து மேனேஜர் இருக்கும்போது வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நடந்தாள். திமிராக நிற்பதுபோலத் தெரியும். தெரிந்தால் தெரியட்டும்.

ஒரு புதன்கிழமை ஓர் இளம்பெண் கேமராப் பையோடு வந்தாள். இந்த நகரத்தில் போய்ப் பார்க்க வேண்டிய வினோதமான தியேட்டர்களைப் பற்றிப் பட்டியல் எழுதுகிறாளாம். மேனேஜர் சட்டையை மாற்றிக்கொண்டு அவளைச் சந்துப் பக்கமாக அழைத்து வந்தார். பெண் நல்ல மாதிரி. வந்ததும் அக்கா என்றாள், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், கீழே கிடந்த வாளியை நகர்த்த உதவினாள். தான் பார்த்துவிட்டு வந்த மற்ற இடங்களைப் பற்றிச் சொன்னாள். பஸ் பணிமனையின் மொட்டைமாடியில் ஒன்று. முடிவெட்டும் கடைக்கு மேலே பன்னிரண்டே நாற்காலிகளோடு ஒன்று. வற்றிப்போன நீச்சல் குளத்துக்குள் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கிற ஒன்று.

"அங்க தண்ணியே இல்லையா?"

"சொட்டுகூட இல்லக்கா."

"குடுத்துவெச்சவங்க" என்றாள் அவள்.

பெண் சிரித்து அதை எழுதிக்கொண்டாள். பிறகு கழியோடு ஒரு படம் வேண்டும் என்றாள். ஆபரேட்டர் மேலே விளக்கு மாற்றிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாலும் வர முடியாது. மேனேஜர் வாசலில் கைகட்டி நின்றார். அவள் பலகைமேல் ஏறிக் கழியைத் தூக்கினாள். கழி தோள் உயரத்தில் நின்றது.

"இன்னும் கொஞ்சம் மேலக்கா. அந்த மூலை வரைக்கும்."

அவள் பல்லைக் கடித்தாள். கழியின் நுனி நடுங்கித் துணியில் கோணலாகக் கோடு இழுத்தது. கேமராவுக்குப் பின்னால் மேனேஜர் இரண்டு அடி முன்னால் வந்தார். அவர் பார்வை தன் கையில் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நொடி போனால் கழி விழுந்துவிடும்.

"நீங்களே ஒரு தடவ அடிச்சுப் பாருங்களேன்" என்றாள். சிரித்த முகமாகவே சொன்னாள்.

பெண் கேமராவை மேனேஜரிடம் கொடுத்துவிட்டு ஏறி வந்தாள். தண்ணீர் கழி வழியாக இறங்கி அவள் முழங்கை வரை நனைத்தது. சிறு குழந்தைபோலச் சிரித்தாள். மேனேஜர் படம் எடுத்தார், இன்னொன்றும் எடுத்தார். நடுவில் கேமராவை இறக்கி, நனைந்த அந்தக் கையையும் அந்தச் சிரிப்பையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தன் தோளை அமுக்கிவிட்டுக்கொண்டாள். தப்பித்தோம் என்று நினைத்தாள்.

பட்டியல் வந்தது. ஆபரேட்டர் தன் போனில் காட்டினான். இவர்கள் தியேட்டர் நான்காவதாக இருந்தது. கேட்டால் திரையை நீங்களே நனைத்துப் பார்க்கலாம் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். அந்தச் சனிக்கிழமை எட்டுப் பேர் கேட்டார்கள். அடுத்த வாரம் பெருந்தெரு வாசலில் ஒரு விளம்பரப் பலகை மாட்டினார்கள். அதில் கழி பிடித்த ஒரு கையின் படம் இருந்தது. விரல்களில் நகப்பூச்சு. திரை நனைக்கத் தனி டிக்கெட். விலை, மெத்தை நாற்காலியைப் போல இரண்டு மடங்கு.

அவளுக்கு முதல் இரண்டு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. வாளி நிரப்பினால் போதும். தோள் இரவில் அவளைத் தூங்கவிட்டது. வருகிறவர்களிடம் மேல் மூலையிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னாள். அவர்கள் தலையாட்டிவிட்டு நடுவில் ஆரம்பித்தார்கள். அங்கேதான் கை எட்டும், போட்டோவும் நன்றாக விழும். சிலர் தண்ணீரால் தங்கள் பெயரை எழுதினார்கள். ஒரு ஜோடி இதயம் வரைந்தது. அவர்கள் இறங்கிப் போனதும் அவளும் ஆபரேட்டரும் அவசரமாக மூலைகளைச் சரிசெய்தார்கள். காட்சி ஐந்து நிமிடம் தள்ளிப்போனது. பின்பெஞ்சில் பத்து வருடமாக உட்காரும் மூட்டைக்காரர் ஒருவர், போகும்போது அவளிடம், இன்றைக்குக் கதாநாயகிக்குக் கழுத்து வரைக்கும்தான் காட்டினார்கள் என்றார். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

மூன்றாவது வாரம் மேனேஜர் அவளை அறைக்குள் கூப்பிட்டார். காசு கொடுத்து நனைத்தவர்கள் இறங்கியதும் இன்னொருத்தி ஏறி மறுபடி நனைப்பது நன்றாக இல்லை, அவர்கள் முகம் சுருங்குகிறது என்றார். வாளி நிரப்ப டிக்கெட் கிழிக்கிறவனே போதும். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீதான் லீவு கேட்டிருந்தியேம்மா. எடுத்துக்கோ."

"எத்தன நாள் சார்?"

அவர் மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை.

"கை நல்லாகட்டும் மொதல்ல."

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்கு அழுகை வரவில்லை. கேட்டது கிடைத்திருக்கிறது. கணவன் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, இதுதான் இன்றைய உயரம் என்றான். தினமும் காலையில் அவன் வேலை முடிந்து வந்ததும், அவள் சுவரைப் பார்த்து நின்று விரல்களால் ஏறினாள். எறும்பு ஊர்வதுபோல. வலி வந்த இடத்தில் அவன் கோடு போட்டான். வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை கேட்கப் போனவனும் அவன்தான். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை. கோடுகள் காலண்டர் ஆணியைத் தாண்டின. ஜன்னலின் மேல் சட்டத்தைத் தொட்டன. ஆறாவது வாரக் கடைசியில் அவளுக்கு எட்டிய இடத்தில் கோடு போட, அவளைவிடக் குட்டையான அவன் முக்காலிமேல் ஏற வேண்டியிருந்தது.

"தண்ணி அடிக்கிறவளுக்கு இப்பதான் கை நடுங்காம நிக்கிது" என்றான்.

அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள்.

மறுநாள் மதியக் காட்சிக்கு முன் போய் நின்றாள். மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவள் தூக்கிக் காட்ட எழுந்தாள். அதற்குள் அவர் மேஜையில் எதையோ தேடத் தொடங்கிவிட்டார். இப்போது எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது, வார நாளில்கூட நனைப்பதற்கு ஆள் வருகிறார்கள், ஏதாவது இருந்தால் சொல்லி அனுப்புகிறேன் என்றார். அவள், பலகைக்கு அடியில் தன் பழைய செருப்பும் சோற்று டப்பாவும் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அதற்கென்ன என்றார்.

சந்துப் பக்கம் போனாள். பலகையைக் காணோம். முன்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். அங்கேதான் வெளிச்சம் இருக்கிறது, காசு கொடுத்தவர்கள் சந்துக்குள் வர வேண்டாம். டப்பா பெஞ்சுக்கு அடியில் இருந்தது. செருப்பு இல்லை. மூட்டைக்காரர் அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். கால் வலித்ததால் உட்கார்ந்தாள்.

துணிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கழியின் நிழல் துணியின் நடுவில் மேலும் கீழும் போனது. யாரோ கைதட்டினார்கள். நனைந்த இடம் தட்டுபோல வட்டமாகப் பரவிக்கொண்டு வந்தது. மேல் மூலைகளை அது தொடவில்லை. அவள் எழப் பார்த்தாள். டப்பா மடியில் இருந்தது. உட்கார்ந்துகொண்டாள்.

விளக்கு அணைந்து படம் ஓடியது. மேல் மூலை இரண்டும் இருட்டு, வலது மூலையில் கதவளவு. ஒரு கிழவர் அந்தப் பக்கமாக நடந்துபோய் மகனிடம் ஏதோ முக்கியமாகச் சொன்னார். குரல் மட்டும் வந்தது, முகம் இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் இடது பக்கம் சாய்ந்தார்கள். சாய்ந்து பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

"கை எப்படிம்மா இருக்கு இப்ப?" என்று மூட்டைக்காரர் காதருகில் கேட்டார்.

அவள் வலது கையைத் தூக்கினாள். முழங்கை நிமிர்ந்தது, தோள் வலிக்கவில்லை. கை நேராக மேலே போய், விரல்கள் விரிந்து, அந்த இருட்டு மூலையின் உயரத்தில் நின்றது.

அவளுக்குப் பின்னாலிருந்த பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. களைத்த குரல்தான், கோபமில்லை.

"கைய எறக்கும்மா. மறைக்குது."

அவள் இறக்கிக்கொண்டாள்.