தஞ்சோங் காராங்கில் நின்ற மாப்பிள்ளை

மகள் சரோஜினியின் கல்யாணத்தில் தோட்ட ஆபீசில் தலைமை எழுத்தரான பெரிய கிராணி மகாதேவா மணவறையைவிட அதிகம் மெனக்கெட்டது ஒரு பெட்டிக்குத்தான். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்த மனிதர். எண்பத்தொன்பதில் அந்த வட்டாரத்தில் ரேடியோவோடு கம்ப்யூட்டரை இணைத்தவர் தான் ஒருவர்தான் என்பதில் அவருக்குத் தலைகால் புரியாத பெருமை.

தெலுக் இந்தானிலிருந்து வரும் மாப்பிள்ளை காரில் மகாதேவாவின் நண்பர் நடராஜா இன்னொரு பெட்டியோடு ஏறியிருந்தார். கார் இருக்கும் ஊரை அவர் தட்டிவிட்டால் போதும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெட்டி தானாகவே அதை அனுப்பும். மாற்றித் தட்டாவிட்டால் பழைய ஊரையே சளைக்காமல் அனுப்பிக்கொண்டிருக்கும். மண்டபத்துப் பின்னறையில் மகாதேவா திரையைப் படிக்க, மகன் சேது மைக்கில் சபைக்கு அறிவித்துவிட்டு, கோலாலம்பூர் உறவினருக்கும் போன் போட்டுச் சொன்னான்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்துக்குள். ஒன்பது மணிக்குத் திரையில் வழியிலுள்ள தஞ்சோங் காராங் வந்தது.

ஒன்பதேகாலுக்குத் தோட்டத்துக் கேட்டில் ஜாகாவாகக் காவல் நின்ற செல்லன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"ஐயா, மாப்பிள்ள வூட்டுக்காரவங்க வந்துட்டாங்க. கேட்டுல நிக்கிறாங்க."

"விசர்க்கதை கதைக்காதை. அவை இன்னும் தஞ்சோங் காராங்கில. போய் உன்ர வேலையைப் பார்."

முப்பது வருடம் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதியவர் அவர். பேர் பதியாதவன் எதிரே நின்று கும்பிட்டாலும் அன்றைக்கு வேலைக்கு வராதவன்தான். செல்லன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். ஒன்பதரைக்கு மறுபடி வந்தான். இந்தமுறை மகாதேவா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

யாழ்ப்பாண வழிவந்த குடும்பங்களில், பெண்ணின் தம்பி வந்து காலைக் கழுவி அழைக்காமல் மாப்பிள்ளை உள்ளே அடி வைப்பதில்லை. தம்பி சேதுவோ கையில் போனோடு உட்கார்ந்திருந்தான். கேட்டருகே வெயிலில் சம்பந்தி வீரசிங்கத்துக்கு முகம் கறுத்துக்கொண்டே வந்தது. அவரைச் சமாதானப்படுத்துவதிலேயே நடராஜா பெட்டியை மறந்துபோனார்.

ஒன்பதே முக்காலுக்குத்தான் அவருக்கு நினைவு வந்தது. திரை மாறியது: தோட்டத்துக் கேட். அரை மணித்தியாலமாக நிக்கிறம்.

"வந்திட்டினம்!" என்று மகாதேவா துள்ளி எழுந்தார்.

செம்பும் தாம்பாளமுமாக ஓடியபோது வீரசிங்கம் காருக்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாசல்ல பிச்சைக்காரர் மாதிரி நிக்க வைச்சுப்போட்டியள். ஏன், ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

மகாதேவா ஓடும் இன்ஜினைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் கார் கிளம்பிவிடும். மகள் உள்ளே மணக்கோலத்தில் காத்திருக்கிறாள்.

"இந்தச் செல்லன்தான்... இவன் வந்து சொல்லேல்லை."

செல்லன் அவரைப் பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"ஆமாங்க. மறந்துட்டேங்க. சின்னம்மா கல்யாணம், மனசுல வச்சுக்காதீங்க."

வீரசிங்கம் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசி முடித்ததும் கோபம் இறங்கியது, அவரும் இறங்கினார். சேது காலைக் கழுவினான், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டார். பத்தடிக்க நான்கு நிமிடம் இருக்கையில் தாலி ஏறியது.

பந்தியில் சம்பந்திகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆள் குறைவென்று செல்லன்தான் சாம்பார் வாளியோடு வந்தான்.

"நல்ல காலம் உங்கட பெட்டி காப்பாத்திச்சுது" என்றார் வீரசிங்கம், அவனைக் கண்ணால் காட்டி. "ஆளை நம்பியிருந்தா இண்டைக்குக் கல்யாணம் நடந்திருக்காது. மெஷின் பொய் சொல்லாது, என்ன?"

செல்லன் மகாதேவாவின் இலைக்குக் குனிந்து சாம்பார் ஊற்றினான். மகாதேவா சோற்றைப் பிசையத் தொடங்கினார்.

"ஓம்" என்றார்.