மூன்றாவது பம்ப் ஓடிய நேரம்

விடியும் முன்பே ஆற்றில் இறங்கிவிட வேண்டும். குழாய் வாயில் மாட்டியிருக்கும் இரும்பு வலையில் இரவெல்லாம் வந்து அடைந்த பாசியையும் பிளாஸ்டிக் பைகளையும் கையால் பிய்த்தெறிந்தால்தான் காகித ஆலைக்குத் தண்ணீர் ஏறும். மார்பளவு நீரில் நின்று தம்பி பிய்த்துப் போட, கரையில் நின்ற அக்கா கொக்கியால் இழுத்தாள். அவள் பம்ப் ஆபரேட்டர். அவன் ஃபிட்டர்.

இந்த வேலைக்கு முன்பு நான்கு பேர் இருந்தார்கள். போன வருஷம் பம்ப் அறைச் சுவரில் புது போர்டு வந்தது. ஆள் உயர இரும்புப் பெட்டி, அதில் ஒரு தொடுதிரை. எந்தப் பம்ப் ஓடுகிறது, எவ்வளவு சூடு, தொட்டியில் எத்தனை அடி தண்ணீர் என்று அதுவே கவனித்து, நேரத்தோடு குறித்து வைத்து, முதலாளியின் போனுக்கும் சொல்லிவிடும். கட்டிலில் படுத்தபடியே அவர் பம்பை ஓட்டலாம், நிறுத்தலாம். "இனிமே போர்டு பாத்துக்கும்" என்று சொல்லி இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்.

"அந்த போர்டை ஆத்துல இறங்கச் சொல்லுக்கா. அதுக்குக் குளிராதுல்ல" என்றான் தம்பி, பல் கிட்டியபடி.

கரையேறித் தலை துவட்டுவதற்குள் மூன்றாவது பம்ப் கடகடத்தது. மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் ரப்பர் தேய்ந்திருந்தது. அக்கா திரையில் அதை நிறுத்தினாள். மெயின் சுவிட்சின் கைப்பிடியை இறக்கியிருக்க வேண்டும். அதை இறக்கினால் போர்டே அணைந்துவிடும், யாராலும் எதையும் ஓட்ட முடியாது. ஆனால் முதலாளி தடை போட்டிருந்தார். "அதைத் தொட்டா எனக்கு போன்ல எல்லாம் இருண்டு போகுது. திரையிலயே நிறுத்துங்க." இது ஆபத்து என்று வயர்மேன் இரண்டு முறை எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளில் முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

தம்பி மூடியைக் கழற்றி, தேய்ந்த ரப்பரைப் பிடுங்கக் கையை உள்ளே விட்டான். அறையில் யாரும் எதையும் தொடவில்லை. திரையில் மூன்றாம் எண் பச்சையாக மாறியது.

கைப்பிடிக்கு மூன்று எட்டுதான். அக்கா பாய்ந்து இறக்குவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் தம்பி பெண்டாட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு அழுகை வரவில்லை. முதலாளியின் கைதான் கண்ணுக்குள் நின்றது. மோதிரம் போட்ட, நகம் திருத்திய, போனை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் கை. சோறு பிசையும்போதும் துணி பிழியும்போதும் அதையே நினைத்தாள். "அந்தக் கையும் ஒரு நாள் கப்ளிங்குக்குள்ள போகணும். நான் பாக்கணும்" என்று வயர்மேனிடம் சொன்னாள்.

இருபதாம் நாள் முதலாளி ஒரு தாளோடு பம்ப் அறைக்கு வந்தார். வயர்மேனும் அங்கே இருந்தார்.

"இந்தாம்மா, கையெழுத்துப் போடு. பம்பை நிறுத்த மறந்துட்டேன்னு எழுதியிருக்கு. உன் தம்பிக்கு வாட்ச்மேன் வேலை தரேன். விபத்துன்னா யார்தான் என்ன பண்ண முடியும்?"

"நான் நிறுத்தினேன்."

"நிறுத்தியிருந்தா எப்படி ஓடும்? போர்டு பொய் சொல்லாது."

"சொல்லாதுதான்" என்றாள் அக்கா. "கை எங்க மாட்டுச்சுன்னு நீங்க பாக்கவே இல்லியே. பாருங்க."

மூன்றாவது பம்ப், கை மாட்டிய அன்று நின்றபடியே கிடந்தது. மூடிகூடத் திரும்ப மாட்டவில்லை. முதலாளி குனிந்தார். "இந்தச் சந்துலயா? கவனமா இருந்தா எப்படி மாட்டும்?" என்று விரல்களை உள்ளே விட்டுக் காட்டினார். நிமிர்ந்து பார்த்தபோது அக்கா போர்டின் முன் நின்றாள். அவள் விரல் திரையின் பச்சைப் பொத்தானுக்கு ஒரு நூல் மேலே இருந்தது.

"என்ன பண்றே?"

"ஒண்ணும் பண்ணலியே. நிறுத்தித்தான் வெச்சிருக்கேன். ஏன் வேர்க்குது உங்களுக்கு?"

கையை வெடுக்கென்று இழுத்தவர் தடுமாறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தை அக்கா ஆசை தீரப் பார்த்தாள். அவள் அழுத்தாமல் விட்டது இரக்கத்தால் அல்ல. அழுத்தியிருந்தால் அதுவும் விபத்து ஆகிவிடும், அவர் தாளில் எழுதியிருந்த அதே சொல். அவளுக்கு அது போதாது. செய்தது இன்னார் என்று ஊர் சொல்ல வேண்டும்.

"வயர்மேன் அண்ணே, அன்னிக்கு நடந்ததைப் படிங்க."

வயர்மேன் திரையை நகர்த்தி உரக்கப் படித்தார். "அஞ்சு நாப்பது. மூணாம் பம்ப் நிறுத்தம். இங்கேயிருந்து. அஞ்சு அம்பத்திரண்டு. மூணாம் பம்ப் ஓட்டம். வெளியேயிருந்து. முதலாளி போன்." படித்துவிட்டுப் படமும் எடுத்தார்.

"படம்தானே, யார் வேணா ஜோடிப்பாங்க" என்று எழுந்த முதலாளி போனை எடுத்தார். "அதுல உள்ளதை அழிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும்."

அக்கா மெயின் சுவிட்சின் கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினாள். ஓடிக்கொண்டிருந்த இரண்டு பம்புகளும் முனகி அடங்கின. திரை அணைந்தது. முதலாளியின் போனிலும் எல்லாம் இருண்டது.

"இப்ப அழிங்க பாக்கலாம்."

"தூக்குடி அதை. தண்ணி இல்லாம ஆலை நின்னுடும்."

"நிக்கட்டும். தொழிலாளர் ஆபீஸர் வந்து கண்ணால பாக்கற வரைக்கும் இது ஏறாது."

கைப்பிடியின் அடியில் பூட்டு மாட்ட ஓட்டைகள் இருந்தன. வயர்மேன் தன் கருவிப்பெட்டிப் பூட்டைக் கழற்றி அதில் மாட்டி, சாவியை உள்பையில் போட்டுக்கொண்டார். பக்கத்து ஓட்டையில் அக்கா தன் சைக்கிள் பூட்டை மாட்டினாள்.

அரை மணி நேரத்தில் ஆலை ஓய்ந்தது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று திட்டிக்கொண்டு வந்தார் பாய்லர்காரர். பின்னாலேயே கூழ்த்தொட்டிப் பெண்கள் ஈரக் கையோடு வந்தார்கள். வயர்மேன் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார். பாய்லர்காரர் இரண்டு முறை படித்தார். "எங்க பக்கமும் இதே மாதிரி போர்டு வைக்கப் போறானாம்" என்று சொல்லிவிட்டு, லாக்கர் பூட்டை எடுத்துவரத் திரும்பி நடந்தார்.

"போலீஸைக் கூப்பிடறேன். ஒருத்தனுக்கும் இங்க வேலை இல்ல" என்று கத்திவிட்டு முதலாளி காரில் ஏறினார்.

"கூப்பிடட்டும்" என்றாள் ஒரு கூழ்த்தொட்டிப் பெண். "வாசல்ல உக்காருவோம். எத்தனை பேரைத் தாண்டி வருவான்?"

செய்தி கேட்டுத் தம்பி வந்தான். கையில் கட்டு, முகம் வெளிறியிருந்தது. கூட வந்த பெண்டாட்டியின் கையில் ஒரு பித்தளைப் பூட்டு.

"இது வீட்டுப் பூட்டுல்ல?" என்றாள் அக்கா. "வீடு?"

"திறந்து கிடக்கு. திருடன் வந்தா அவனே எதாச்சும் வெச்சிட்டுப் போவான்" என்றாள் தம்பி பெண்டாட்டி.

எல்லாரும் சிரித்தார்கள். பூட்டை மாட்ட அவள் கை நீட்டினாள். தம்பி அதை வாங்கிக்கொண்டான். இடது கையால் ஓட்டையில் நுழைக்கப் பார்த்தான். நழுவிற்று. மறுபடி நுழைத்தான். உதவிக்கு வந்த அக்காவை முழங்கையால் விலக்கினான். வெளியே ஏதோ வண்டிகள் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. உள்ளே யாரும் நகரவில்லை. தம்பி பூட்டைச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்தினான். அது பூட்டிக்கொண்டது.