ரத்தத்துக்குத் தெரியாதது

ஜப்பானின் ஓகா கடற்கரையில் பனி கொட்டத் தொடங்கிய வாரத்தில் யாசுவேயின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோழி சொன்னதை நம்பிச் செய்துகொண்ட சோதனை அது. எல்லாம் சரியாக இருந்தது. இனி வயிற்றுக்குள் பார்க்கும் கேமராக் குழாயை விழுங்க வேண்டியதில்லை என்று யாசுவேக்கு மனசு லேசானது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். ஆஸ்பத்திரிக்கு அலைய ஏது நேரம்?

கணவன் கென்ஸோவுக்கோ உள்ளூர உதறல். அவன் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். கேமரா பார்க்க நாள் குறித்துவிட்டு, துணைக்கு வா என்று பின்னாலேயே சுற்றினான்.

"நீயும் கேமரா பாத்துக்கிட்டாதான் நான் போய்ப் படுப்பேன்," என்றான்.

"சரி, வர்றேன். அங்க வந்து அழுது மானத்த வாங்காதீங்க," என்றாள்.

அந்த நாளில் மயக்க ஊசி ஏறியதும் யாசுவேக்குக் கண் சொருகியது. கனவில் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். சாலை மெல்லக் கடலுக்குள் இறங்கியது. தண்ணீருக்கடியிலும் பனி பெய்துகொண்டிருந்தது. ஜன்னலை உரசியபடி வெள்ளி மீன்கள் கூடவே வந்தன. பிள்ளைகள் பாடினார்கள், சத்தமில்லாமல். எங்கே போகிறோம் என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

கென்ஸோவின் வயிறு சுத்தம். யாசுவேயின் வயிற்றில்தான் நகம் அளவுக்கு ஒரு சிவந்த திட்டு. கிள்ளி எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்தது.

"அப்போ ரத்தம் பொய் சொல்லிச்சா?" என்று டாக்டர் ஹினாசேயிடம் கேட்டாள். தன் குரலே பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் இருந்தது.

"பொய் இல்லம்மா. ஆரம்பத்துல பெரும்பாலும் ரத்தத்துல ஒண்ணும் தெரியாது. தெரியுற அளவுக்கு வளரட்டும்னு விடாம வந்தீங்களே, அதுவே நல்லது."

வீடு திரும்பியதும் கென்ஸோ வாசலில் பனியைத் தட்டிக்கொண்டே, "இது எனக்கே வந்திருக்கலாம்," என்றான். அவள் அவன் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்துவிட்டு, சும்மா இருங்க என்றாள்.

வயிற்றைக் கிழிக்கவில்லை. குழாய் வழியாகவே அந்தத் திட்டை உரித்தெடுத்தார்கள். அது வயிற்றின் உள்சவ்வைத் தாண்டவில்லை, ஓரங்களிலும் மிச்சமில்லை என்று பிறகு சொன்னார்கள். வருஷாவருஷம் கேமரா மட்டும் பார்க்க வேண்டும்.

வீட்டில் கென்ஸோ அரிசிக்கஞ்சி வைத்தான். தண்ணீராக இருந்தது. ஒவ்வொரு கரண்டியும் அவள் தொண்டையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களும் சாப்பிடுங்க," என்றாள். ஜன்னலில் பகல் வெள்ளையாக நின்றிருந்தது. உட்கார்ந்தபடியே அவளுக்குத் தூக்கம் வந்தது.